பேர் வாசித்த மாத்தா

செய்தி தொலைபேசியில் வந்தது. காலை எட்டு மணி இருக்கும். செனாவாங்கில் என் மகன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, காப்பியில் சீனி போடாததற்காக மருமகளிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் எங்கள் தோட்டத்து லெட்சுமி. "டிரெசர் மாமா, மாத்தா போயிட்டாருலா. காலையில ஆறு மணிக்கு" என்றாள்.  நான் ரிசீவரை வைத்துவிட்டு வந்து, சீனி இல்லாத அந்தக் காப்பியை மறுபேச்சு இல்லாமல் குடித்து முடித்தேன். அதைப் பார்த்துத்தான் மருமகளுக்குப் பயம் வந்துவிட்டது. "மாமா, என்ன ஆச்சு, ஏதாச்சும் பண்ணுதா?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மறுநாள் பத்திரிகைகளில் படம் போட்டிருந்தார்கள். டத்தோ அருளப்பன், நகரத்தின் முன்னாள் போலீஸ் தலைவர் என்று எழுதியிருந்தார்கள். எந்த நகரம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தோட்டத்து மக்களுக்கு அவர் பட்டம் வாங்கிய டத்தோவும் இல்லை, தலைவரும் இல்லை, மாத்தாதான். மலாயில் போலீஸ்காரரை மாத்தா என்று கூப்பிடுவார்கள். அவர் சாதாரண கான்ஸ்டபிளாக சைக்கிளில் வந்து இறங்கிய நாளில் ஒட்டிய பேர் அது, பிறகு உரியவே இல்லை. அவருக்குப் பெரிய பதவி வந்தபோது, "இனிமேலாச்சும் டத்தோன்னு கூப்பிடச் சொல்லவா?" என்று கேட்டேன். "வேணாம் டிரெசர். அந்தப் பேரோடயே இருந்துட்டுப் போறேன்" என்றார்.

அவருடைய மூத்த மகள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். ஒரு பக்கமாம்! ஐம்பது வருஷத்துக்கு மேல் பழகியவனிடம் ஒரு பக்கம் கேட்கிறார்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். அவர் குண்டர் கும்பல்களை அடக்கியதைப் பற்றியும், வாங்கிய பதக்கங்களைப் பற்றியும் எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள், எழுதட்டும். நான் எழுத வந்தது ஒரே ஒரு விஷயத்தை. அவர் ஏன் தினமும் காலையில் பேர் வாசித்தார் என்பதை.

அவர் கீழே வேலை செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காலை அணிவகுப்பில் ஒவ்வொருவரையும் நம்பர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். இவர் நம்பரைத் தொட மாட்டார். பேரைச் சொல்லிக் கூப்பிடுவார், பதில் சொன்னவன் முகத்தைப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த பேர். அதை முடித்துவிட்டு லாக்கப்புக்குப் போய் அங்கேயும் அப்படியே செய்வார். "கெழவனுக்கு வேற வேல இல்ல" என்று வெயிலில் நின்று முணுமுணுத்தவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைத்தான் சொல்கிறேன், தொடர்ந்து படியுங்கள்.

ஜப்பான்காரன் காலத்தில் நான் கறுப்புப் பாலம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துக் கட்டுப் போடுகிற டிரெசராக இருந்தேன். சிரம்பானிலிருந்து போர்டிக்சன் போகும் சாலையிலிருந்து உள்ளே மூன்று மைல் போனால் எங்கள் தோட்டம். ஆஸ்பத்திரி என்றால் எட்டுக் கட்டில் போட்ட ஒரு கொட்டகை. டாக்டர் போர் தொடங்கியபோதே போய்விட்டார், வெள்ளைக்காரத் துரையும் போய்விட்டார். கொய்னா மாத்திரை தீர்ந்துபோய், மலேரியாக்காரர்களுக்குப் பப்பாளி இலையை அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கட்டுப் போடத் துணி கிடையாது, ஜனங்களே சாக்கை வெட்டி இடுப்பில் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். ரப்பர் வாங்க ஆள் இல்லாததால் பாதித் தோட்டத்தில் மரவள்ளி நட்டிருந்தார்கள். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணிதான் ஜப்பான்காரனுக்குப் பதில் சொல்லிக்கொண்டு தோட்டத்தை நடத்திவந்தார்.

அருளப்பன் எங்களுக்கு அடுத்த சாலையோரப் போலீஸ் நிலையத்தில் இருந்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். சிரம்பானில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்தவர், அம்மா ஞாயிறு தவறாமல் மாதாகோயிலுக்குப் போகிறவர். போருக்கு முன்னால் போலீசில் சேர்ந்து, ஜப்பான்காரன் வந்தபிறகு வேறு வழியில்லாமல் அதே சட்டையில் தொப்பியை மட்டும் மாற்றிக்கொண்டவர். எங்கள் தோட்டத்துக்கு அவர் முதன்முதலில் வந்தது ஓர் ஆட்டுக்காக.

வேலையை மேற்பார்க்கிற மண்டோருடைய ஆடு ஒன்று சின்னையாவின் மரவள்ளிப் பாத்தியில் மேய்ந்திருக்கிறது. யாரோ மண்வெட்டிக் காம்பை வீசியதில் அதற்குக் கால் ஒடிந்துவிட்டது. மண்டோர் போலீசுக்கே போய்விட்டார். அருளப்பன் வந்து விசாரித்தபோது சின்னையா, "நான்தாங்க வீசுனேன்" என்றார். பின்னால் நின்ற அவர் தம்பி முனியாண்டி முன்னால் வந்து, "அண்ணன் சும்மா சொல்லுது மாத்தா, நான்தான் வீசுனது" என்றான். அண்ணன் தம்பியைத் தள்ள, தம்பி அண்ணனைத் தள்ள, இரண்டு பேரும் 'நான்தான் நான்தான்' என்று போலீஸ்காரர் முன்னாலேயே மல்லுக்கு நின்றார்கள். அருளப்பன் நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "டிரெசர், ரெண்டு பேருல ஒருத்தன் பொய் சொல்றான். எவன்னு கண்டுபிடிச்சா அவனுக்குத்தான் நான் பரிசு குடுக்கணும்" என்றார். நான் ஆட்டுக்குக் கட்டை வைத்துக் கட்டினேன். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

இந்த அண்ணன் தம்பியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இவர்களைச் சுற்றித்தான் நடந்தது.

இனி பெரட்டு. தோட்டத்தில் வாழாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடிந்தும் விடியாமல் தப்பு அடிப்பார்கள். எல்லாரும் ஆபீஸ் முன்னால் இருக்கும் திடலில் வந்து வரிசையாக நிற்க வேண்டும். கிராணி ஒவ்வொரு பேராக வாசிப்பார். "இருக்கேன்" என்று குரல் வந்தால் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். அதற்குத்தான் 'பேர் விழுந்தது' என்று சொல்வது. அந்தக் காலத்தில் பேர் விழுந்தவனுக்குத்தான் ரேஷன் அரிசி. அதனால் யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால், வரிசையில் நிற்கிற அண்ணனோ தம்பியோ மச்சானோ அவன் பேருக்கும் "இருக்கேன்" என்று குரல் கொடுத்துவிடுவான். பிறகு அவன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவான். கிராணிக்குத் தெரியும், கங்காணிக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் பொய்யாக நினைத்ததே இல்லை.

ஒருநாள் பெரட்டுக்கு ஒரு லோரி வந்து நின்றது. நாலு ஜப்பான் சிப்பாய்கள், அவர்களோடு அருளப்பன். சயாமில் ரயில் பாதை போடத் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று உத்தரவு. கிராணி எழுதிக்கொடுத்த பட்டியல் அருளப்பன் கையில் இருந்தது. அவர் படிக்கட்டில் ஏறி நின்று தமிழில் சொன்னார். "மூணு மாச வேல. அரிசி, துணி எல்லாம் குடுக்கிறாங்க. மூணு மாசத்துல திரும்பிருவீங்க, நான் சொல்றேன், பயப்பட வேணாம்." அவரிடம் ஜப்பான் அதிகாரி அப்படித்தான் சொல்லியிருந்தான். அவர் அதை நம்பினார். நம்ம ஆள் சொல்கிறாரே என்று ஜனங்கள் அவரை நம்பினார்கள். பிறகு அவர் பேர் வாசிக்க ஆரம்பித்தார்.

"சின்னையா!" என்றார். "இருக்கேன்" என்று ஒரு குரல் வந்தது. அது முனியாண்டியின் குரல். சின்னையா குளிர்காய்ச்சலோடு என் ஆஸ்பத்திரியில் மூன்றாவது கட்டிலில் கிடந்தார். தம்பிக்காரன் அண்ணனுடைய பேர் விழட்டுமே என்று, தினமும் கொடுக்கிற குரலை அன்றைக்கும் கொடுத்துவிட்டான். இது அந்தப் பெரட்டு இல்லை என்று அவனுக்கு உறைப்பதற்குள் ஒரு சிப்பாய் வந்து அவன் கையைப் பிடித்து லோரிப் பக்கம் தள்ளிவிட்டான். அவனுடைய சொந்தப் பேர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

நான் அங்கேதான் நின்றேன். கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அருளப்பன் முனியாண்டியின் முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. லோரியின் பின்பலகையைத் தூக்கி மாட்டும்போது முனியாண்டிக்கு எல்லாம் புரிந்திருந்தது. கூட்டத்தில் என்னைத் தேடிப் பிடித்து, "டிரெசரய்யா, அண்ணனப் பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னான். அவன் பெண்சாதி பச்சையம்மா அப்போது ஏழு மாதம். பெரட்டில் நிற்க முடியாது என்று லயத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அன்று மத்தியானமே அவள் போலீஸ் நிலையத்துக்கு நடந்து போனாள், மூன்று மைலும் அந்த வயிற்றோடு. அழவில்லை, கும்பிடவில்லை. அருளப்பனை நேருக்கு நேர் பார்த்து, "எங்க வூட்டுக்காரரு பேர நீங்க கூப்புடவே இல்லியாமே. கூப்புடாத ஆள எப்புடி ஏத்துனீங்க?" என்று கேட்டாள்.  சாயங்காலம் அவர் என் ஆஸ்பத்திரிக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "டிரெசர், எனக்குத் தெரியும். அது முனியாண்டின்னு பாத்தவொடனே தெரிஞ்சிருச்சு. முப்பத்தொரு பேர் கேட்டான், முப்பத்தொண்ணு சரியா வந்துருச்சேன்னு வாய மூடிக்கிட்டேன்" என்றார். நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன் என்று சொன்னேன்.  பிறகு அவர், "அவங்கள இன்னும் ரயில் ஏத்தல. சிரம்பான்லதான் வச்சிருக்கான். நாளைக்குப் போயி கொண்டாந்துருவோம்" என்று எழுந்தார்.

சின்னையா மலேரியாவில் படுத்திருக்கிறார், ஆகவே உங்களிடம் இருப்பவர் சின்னையா இல்லை என்று நான் ஒரு காகிதம் எழுதி முத்திரை குத்தினேன். மறுநாள் காலை இரண்டு பேரும் சைக்கிளில் கிளம்பினோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையைச் சுற்றி முள்கம்பி போட்டு, பல தோட்டத்து ஆட்களை அதற்குள் அடைத்து வைத்திருந்தார்கள். அருளப்பன் வாசலில் நின்ற சார்ஜெண்டுக்கு இடுப்பு வளைத்துக் கும்பிட்டு, மொழிபெயர்ப்பாளன் மூலமாக விஷயத்தைச் சொன்னார். 'தப்பு என்னுடையது' என்றும் சொன்னார். பளீர் பளீர் என்று இரண்டு அறை விழுந்தது. தொப்பி எங்கேயோ போய் விழுந்தது. சார்ஜெண்டு சிரித்துக்கொண்டே ஒரு வழி சொன்னான். "உன் ஆளை நீயே பேர் சொல்லிக் கூப்பிடு. வந்தால் கூட்டிக்கொண்டு போ. அந்தச் சின்னையாவை நாளைக்குக் கொண்டுவந்து விடு."

காய்ச்சல்காரனை நாளைக்கு எப்படித் தப்ப வைப்பது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டோம். அருளப்பன் கம்பி அருகே போய், "முனியாண்டி!" என்று கூப்பிட்டார். பத்தடி தூரத்தில் நின்றான் அவன். நான் பார்க்கிறேன், அவர் பார்க்கிறார், எங்கள் தோட்டத்து ஆட்கள் எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "முனியாண்டி, நான்தான்டா, மாத்தா. வாடா வெளியே!" என்றார். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். சார்ஜெண்டு அலுத்துப்போய் பட்டியலை எடுத்து, "சின்னையா!" என்று வாசித்தான். "இருக்கேன்" என்று முனியாண்டி கையைத் தூக்கினான்.

எங்களைத் துரத்திவிடுவதற்கு முன்னால் அவன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் கம்பிப் பக்கம் வந்தான். "எங்கண்ணனுக்கு மூணு புள்ளைங்க மாத்தா. நான் சின்னையா இல்லேன்னு சொன்னா அண்ணன வந்து தூக்கிருவாங்க. விட்டுருங்க" என்றான். இதை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தேன். வெயில் என்று மருமகளிடம் சொன்னேன்.

மறுநாள் ரயில் போய்விட்டது. அதற்கு முன்னால், நாங்கள் திரும்பி வந்த வழியில் ஒரு பாலத்துக் கட்டையில் அருளப்பன் சைக்கிளைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். போலீஸ் நோட்டுப் புத்தகத்தை எடுத்து முப்பத்தொரு பேரையும் நினைவிலிருந்து எழுதினார். ஒருவர் பேர் அவருக்கு வராமல் என்னைக் கேட்டார், சொன்னேன். சின்னையா என்று எழுதியதை அடித்துவிட்டு முனியாண்டி என்று எழுதினார். "இதுலயாச்சும் சரியா இருக்கட்டும்" என்றார்.

மூன்று மாதம் போயிற்று. பச்சையம்மாவுக்கு லெட்சுமி பிறந்தாள். போனவர்களில் யாரும் திரும்பவில்லை. வேறு தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் தப்பி வந்த ஒருவர், எலும்பு தெரிகிற புண்ணோடு என் கொட்டகையில் வந்து விழுந்தார். அங்கே நடப்பதை அவர் சொல்லச் சொல்ல, அருளப்பன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். அதன் பிறகுதான் இரண்டாவது உத்தரவு வந்தது.

உத்தரவு முதலில் போலீஸ் நிலையத்துக்குத்தான் வரும். லோரி மறுநாள். அன்று காலையே அவர் பெரட்டுக்கு வந்து, கிராணியை ஒதுங்கச் சொல்லிவிட்டு அதே படிக்கட்டில் ஏறி நின்றார். "போன தடவ இதே எடத்துல நின்னு மூணு மாசத்துல திரும்பிருவீங்கன்னு சொன்னேன். அது பொய். பொய்யின்னு தெரியாமத்தான் சொன்னேன், ஆனா சொன்னது நான். நாளைக்கு மறுபடி லோரி வருது. நான் பேர் வாசிக்க மாட்டேன். அவ்வளவுதான்." இறங்கி சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கிராணி கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது, அதை எடுக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிராணியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அன்றைக்கு மட்டும் அவரைப் பாராட்டுகிறேன்.

மறுநாள் லோரி வந்தபோது பெரட்டுத் திடலில் பெண்களும் கிழவர்களும் நானும்தான். ஆண்கள் சதுப்பைத் தாண்டிப் போய்விட்டார்கள். மலாய்க்காரர்கள் கம்பம் என்று சொல்கிற அக்கரைக் கிராமத்து ஜனங்கள் அவர்களைத் தங்கள் டுரியான் பழத்தோப்புக் குடிசைகளில் பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டார்கள், ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பட்டியலைக் கையில் கொடுத்தபோது அருளப்பன் அதை வாங்கவில்லை. "ஆள் இல்லை" என்று மட்டும் சொன்னார். துப்பாக்கிக் கட்டையால் அடித்தார்கள். இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. சாக்குத் துணியைக் கிழித்து நான்தான் கட்டினேன். சரியாகக் கூடவில்லை. என் கைவேலை அவ்வளவுதான். அவருடைய படங்களில் இடது தோள் கொஞ்சம் இறங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பதக்கங்களின் பாரம் என்று ஒரு பத்திரிகைக்காரர் ஒருமுறை தமாஷாக எழுதியிருந்தார்.

போர் முடிந்து ஒன்பது பேர் திரும்பி வந்தார்கள். முனியாண்டி வரவில்லை. கூட இருந்தவர் ஒருவர் சொன்னார், அவன் கடைசிவரை சின்னையா என்றுதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தானாம், சின்னையா என்ற பேரில்தான் அவனைப் புதைத்தார்களாம். சின்னையா அதைக் கேட்டுவிட்டு எழுந்து ரப்பர் காட்டுக்குள் போனார். இரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். அதற்குப் பிறகு அவர் எந்தப் பெரட்டிலும் வாய் திறந்து பதில் சொன்னதில்லை. கையை மட்டும் தூக்குவார்.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்ததும், ஜப்பான்காரன் கீழே வேலை செய்த போலீஸ்காரர்களை ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அருளப்பன் மேல் புகார் எழுதிப்போட எங்கள் தோட்டத்தில் ஒருவரும் இல்லை. இந்த மனுஷன் தானாகவே போய், முனியாண்டி விஷயத்தை முழுக்க எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறார்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. "ஒனக்கு என்ன பைத்தியமாடா? யாருடா ஒன்னக் கேட்டா?" என்று கத்தினேன். அவரை நான் 'டா' போட்டுப் பேசியது அந்த ஒருமுறைதான். "யாரும் கேக்கலேன்னா நடக்கலேன்னு ஆயிருமா டிரெசர்?" என்றார். போலீஸ் சட்டை கழன்றுவிடும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

விசாரணைக்குப் பச்சையம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். இடுப்பில் லெட்சுமியோடு வந்தாள். அவள் தமிழை இங்கிலீஷில் சொல்ல என்னை நிற்க வைத்தார்கள். "இவரு செஞ்சது தப்புதான். இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன்" என்று ஆரம்பித்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் நிறுத்தவில்லை. "ஆனா முப்பத்தொரு பேர ஏத்திக்கிட்டுப் போனாங்க. தேடிக்கிட்டுப் போன மாத்தா இவரு ஒருத்தருதான். இவர வூட்டுக்கு அனுப்பிட்டா, நாளைக்கு எங்கள யாராச்சும் ஏத்திக்கிட்டுப் போனா எவரு தேடி வருவாரு? அந்தத் தொரைய அதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க." நான் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். கூடவே நானும்தான் தேடிப் போனேன், அதை அவள் சொல்லவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அதிகாரி நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். அருளப்பனின் சட்டை கழலவில்லை.

வெளியே வந்ததும் அவர் அவளைக் கையெடுத்துக் கும்பிடப் போனார். அவள் விடவில்லை. "கும்புடெல்லாம் வேணாம் மாத்தா. இனிமே மூஞ்சியப் பாத்துப் பேரக் கூப்புடுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். உங்களை வெயிலில் நிற்க வைத்துப் பேர் வாசித்தாரே, அது அன்றைக்கு ஆரம்பித்தது.

அந்தப் பழக்கத்தால் ஆன காரியம் ஒன்றைச் சொல்கிறேன். அவர் தலைவராக இருந்தபோது நான் ஏதோ வேலையாகப் போய் அவரோடு லாக்கப் வரைக்கும் நடந்தேன். லோரி மோதி ஒருவர் இறந்த கேஸ். ஓட்டியவன் என்று ஒருவன் ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டுவிட்டான். பேரைக் கூப்பிட்டார், அவன் "இருக்கேன் சார்" என்றான். இவர் அடுத்த பேருக்குப் போகவில்லை. கம்பிக்குக் கிட்டே போய் அவன் முகத்தையே பார்த்தார். "உங்க அண்ணனா, தம்பியா?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் திருதிருவென்று விழித்தான். "அவனுக்கு என்ன நடக்கணுமோ அது நியாயமா நடக்கும். அதுக்கு நான் பொறுப்பு. நீ யாரு, உன் பேரச் சொல்லு" என்றார். அவன் முகத்தை மூடிக்கொண்டு, அதுவரை சொல்லியிருந்த உடன்பிறந்தவன் பேரை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பேரைச் சொன்னான். அருளப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார், வலிக்கிற மாதிரி பிடித்தார். "சொல்லிட்டான் டிரெசர், சொல்லிட்டான்" என்றார். பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு பெரிய அதிகாரி எதற்காகக் கண்ணைத் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பதவியில் இருந்தாலும், தீபாவளிக்கு முந்தின நாள், இறந்தவர்களுக்கு வீட்டில் படையல் போடுகிற அன்று, காலையில் அவர் எங்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவார். பெரட்டுத் திடலில் நின்று அந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து முப்பத்தொரு பேரையும் வாசிப்பார். திரும்பி வந்தவர்கள் தாங்களே பதில் சொல்வார்கள். வராதவர்களுக்கு வீட்டார் குரல் கொடுப்பார்கள். முனியாண்டிக்கு முதலில் பச்சையம்மா, பிறகு லெட்சுமி. அவர் கிறிஸ்துவர், படையல் சோறு சாப்பிடலாமா என்று சிலர் தயங்கியபோது, "எனக்கும் ஒரு எல போடுங்க. சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று உட்கார்ந்துவிட்டார். சின்னையா மட்டும் அந்தத் திடலுக்கு ஒரு வருஷம்கூட வந்ததில்லை. கூப்பிட்டும் வரவில்லை. அருளப்பனும் வற்புறுத்தவில்லை, போகும்போது அவர் வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் காரில் ஏறுவார்.

நகரத்தில் நடந்த அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஊதுகுழல் ஊதினார்கள், கொடி போர்த்தினார்கள். எல்லாம் முறையாக நடந்தது. அவர் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு அந்த நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். "அப்பா உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க மாமா. நீங்களே வாசிப்பீங்களாம்" என்றாள். அவருக்கு அவ்வளவு தைரியம், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை பாருங்கள்.

இந்தத் தீபாவளிக்கு முந்தின நாள் போனேன். தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, எண்ணெய்க்கான செம்பனைதான். திடல் மட்டும் இருக்கிறது. திரும்பி வந்த ஒன்பது பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எல்லாப் பேருக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் நின்றார்கள். நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். முப்பத்தொன்று முடிந்ததும், புத்தகத்தில் இல்லாத ஒரு பேரை, யாரிடமும் சொல்லாமல், நானாகவே வாசித்தேன்.

"அருளப்பன்!"

 அவர் மகள்கள் வந்திருந்தார்கள். அவர்கள் நகரத்தில் வளர்ந்த பிள்ளைகள், பதில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்கலாமா என்று நினைத்தபோது கூட்டத்துக்குப் பின்னால் கைத்தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. ஜனங்கள் விலகினார்கள். சின்னையா. எண்பதைத் தாண்டிய மனிதர், திடலுக்குள் கால் வைத்து வந்து வரிசையில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். போருக்குப் பிறகு எந்தப் பெரட்டிலும் திறக்காத வாயைத் திறந்தார்.

"இருக்கேன்" என்றார்.

எனக்கு எழுத்து மங்கலாகத்தான் தெரிந்தது. பென்சிலை எடுத்து முப்பத்தோராவது வரிக்குக் கீழே அருளப்பன் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். மாத்தா, உங்களுக்குப் பேர் விழுந்துவிட்டது. புத்தகம் என்னிடம் இருக்கிறது, அடுத்த வருஷமும் வாசிப்பேன்.